பங்கு எத்தனை என்று கேட்டால் யார் வாய் திறப்பார்கள்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்தவர் நீங்கள். அங்கே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டு, களப்பணிக்காகக் காரைக்குடியில் வந்து தங்கி ஐந்து மாதம் முடிந்துவிட்டது. பூட்டிக் கிடக்கும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் சில ஏன் நிற்கின்றன, சில ஏன் இடிகின்றன, யார் அவற்றைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது ஆய்வு. ஐம்பது கதவுகளைத் தட்டியதில் உருப்படியான நேர்காணல் நான்குதான். மற்ற இடங்களில் மோரோ காப்பியோ கொடுத்து, "பெரியவர்கள் சென்னையில் இருக்கிறார்கள், வந்தால்தான் தெரியும்" என்று அனுப்பிவிட்டார்கள். உங்கள் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். நெறியாளர் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவதில்லை. இப்போதெல்லாம் காலையில் குளித்துப் புறப்பட்டுப் புதிய பஸ் நிலையம்வரை போய், ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு அறைக்கே திரும்பிவிடுகிறீர்கள். நேர்காணல் எடுக்க வழி சொல்லுங்கள் என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி கிடக்கிறது: "இதற்கு நான் லாயக்கில்லாதவளோ?" கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக: தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நான் நகரத்தார் அல்ல. என் தகப்பனார் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1991, 92இல் பதினான்கு மாதம் பினாங்கில் களப்பணி செய்தேன். பிறகு இருபத்தைந்து ஆண்டுகள் மாணவர்களுக்குக் கள ஆய்வு முறை சொல்லிக்கொடுத்தேன். ஓய்வுபெற்று ஊரோடு வந்துவிட்டேன். உங்களைப் போன்றவர்கள் இப்போது என் தெருவுக்கே குறிப்பேட்டோடு வருகிறார்கள். அந்நியனாகக் கதவைத் தட்டியும் பார்த்திருக்கிறேன், கதவுக்கு உள்ளே இருந்தும் பார்த்திருக்கிறேன்.

உள்ளே இருந்து பார்த்ததை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது உங்களுக்குத் தெரிய வழியில்லை. முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து நின்று, தூண்களைப் படம் எடுத்துக்கொண்டு, "இந்த வீட்டுக்குப் பங்கு எத்தனை? பங்காளிகள் எங்கே இருக்கிறார்கள்? விற்கிற எண்ணம் உண்டா?" என்று கேட்டால் இந்த ஊரில் அவருக்குப் பெயர் ஆய்வாளர் அல்ல, தரகர். ஒரு வீடு பிரியும்போது அதன் பர்மாத் தேக்குத் தூண், நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி, பீங்கான் ஜாடி எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தச் சாமான்கள் தாமாக நடந்து வருவதில்லை. யாரோ ஒருவர் முதலில் வீட்டு வாசலுக்குப் போய், நீங்கள் கேட்ட அதே கேள்விகளை, உங்களைவிட இனிமையாகக் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு சினிமா படப்பிடிப்புக்கு வீடு கேட்டு வருகிறவர்கள், விடுதியாக மாற்றக் கேட்டு வருகிறவர்கள். நீங்கள் அந்த வரிசையில் கடைசி ஆள்.

அதோடு பங்கு என்பது இங்கே சாதாரணச் சொல் அல்ல. கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு தனிப் புள்ளி, அதாவது கணக்கில் ஒரு தனிக் குடும்பம். அவனுக்கு வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றி ஓர் அறை. மூன்று நான்கு தலைமுறை கழிந்தால் ஒரே வீட்டுக்கு அறுபது, எழுபது பேர் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில், இருவர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை, ஒருவர் வழக்குப் போட்டிருக்கிறார். இந்த நிலையில் வீட்டில் இருக்கும் ஆச்சி உங்களிடம் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால், அது எந்தப் பங்காளியின் காதுக்கு எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியாது. மோர் கொடுத்தது மரியாதை. வாய் திறக்காதது நிதானம். இரண்டும் உங்கள் தகுதிக்குப் போட்ட மதிப்பெண் அல்ல.

இன்னும் ஒன்று. இந்த வீடுகள் எந்தப் பணத்தில் எழுந்தனவோ அந்தப் பணம் போன கதையும் சுவரோடு இருக்கிறது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு, 1938இல் 25 விழுக்காடு. வாங்கிச் சேர்த்த நிலம் அல்ல அது. நெல் விலை விழுந்து, அங்கே வட்டிக்குக் கொடுத்த கடன் திரும்பாமல், பணம் நிலமாக உறைந்துபோனது. 1942இல் ஜப்பான்காரன் வந்தான், கால்நடையாகத் திரும்பினார்கள். 1948இல் நில உடைமையைத் தேசியமயமாக்கும் சட்டம் வந்தது. 1960களில் மிச்சமும் போயிற்று. "ஏன் இந்த வீட்டைப் பராமரிக்கவில்லை?" என்று நீங்கள் கேட்பது எழுபது எண்பது வருஷத்து இழப்பைத் தொடுகிற கேள்வி. முதல் சந்திப்பில் யார் அதைச் சொல்வார்கள்?

உங்கள் தமிழைக் கேட்டுச் சிரிப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "கதைக்கலாமா" என்று நீங்கள் கேட்டால் எங்கள் ஊர்க்காரருக்குக் கதை சொல்லப் போகிறீர்கள் என்று தோன்றும். சிரிப்பு அவ்வளவுதான். ஆனால் இரண்டு விஷயம் சிரிப்பல்ல. அயல்நாட்டு பாஸ்போர்ட் உள்ளவரை வீட்டில் தங்கவைத்தால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் படிவம் நிரப்பி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஈழத் தமிழ் பேசுகிறவர் வீடு கேட்டால் போலீஸ், பதிவு என்ற அச்சம் 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாட்டு வீட்டுக்காரர்களுக்குள் ஊறிப்போனது. மூன்று வீட்டில் மாடி அறை தருவதாகச் சொல்லிப் பிறகு மறுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதற்குக் காரணம் அநேகமாக இதுதான். நியாயமா என்றால் நியாயமில்லை. ஆனால் உங்கள் ஆய்வுத் திறமைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இனி வெளியே நின்ற கதை. பினாங்குக்குப் போகும்போது எனக்கு ஒரு மிதப்பு இருந்தது. செட்டிநாட்டிலிருந்து போகிறவன், பேரேடு வாசிக்கத் தெரிந்தவன், காரைக்குடியில் செய்து 1894இல் கப்பலேற்றிய வெள்ளி ரதம் தைப்பூசத்துக்கு ஓடுகிற ஊர் அது, நமக்கு யார் கதவடைப்பார்கள் என்று நினைத்தேன். செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கூடங்களுக்குக் கிட்டங்கி என்று பெயர். மிச்சமிருந்த கிட்டங்கிகளில் ஒன்றுக்கு முதல் நாளே போனேன். நீண்ட கூடம், இரண்டு பக்கமும் சாய்வு மேசைகளும் பெட்டிகளும், பெரும்பாலான பெட்டிகளுக்குப் பின்னால் ஆள் இல்லை. ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்த்து, "எந்த ஊர்?" என்றார். சொன்னேன். "எந்தக் கோயில்?" என்றார். இளையாத்தங்குடியா, மாத்தூரா, வைரவன்கோயிலா என்று, நகரத்தார் தங்கள் பிரிவைக் குறிக்கும் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றைச் சொல்ல வேண்டிய இடம் அது. எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. "சரி" என்றார். பதற்றத்தில், முப்பதுகளில் ரப்பர் விலை விழுந்தபோது என்ன வட்டிக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் முன்னால் விரித்திருந்த நோட்டை மெதுவாக மூடி, அதன்மேல் கண்ணாடிக் கூட்டை வைத்து, பையனிடம் எனக்குத் தேநீர் வாங்கி வரச் சொன்னார்.

ஏழு வாரம் அந்தத் தேநீரைக் குடித்தேன். உள்ளே உட்காரக் கூச்சமாகி அஞ்சடிக்கு வந்துவிட்டேன். கடைகளுக்கு முன்னால் ஐந்தடி அகலத்துக்கு விட்டிருக்கும் நடைபாதையை அங்குள்ள தமிழர்கள் அப்படிச் சொல்வார்கள். பிறகு அஞ்சடிக்கும் போகவில்லை. உங்களுக்கு பஸ் நிலையம் போல எனக்கு பட்டர்வொர்த் படகு. காலையில் ஏறி அக்கரை போய், அதே படகில் திரும்பி, மறுபடியும் ஏறுவேன். கட்டணம் ஒரு பக்கத்துக்குத்தான். உதவித்தொகையில் வாழ்கிறவனுக்குக் கட்டுப்படியாகும் பைத்தியம். ராத்திரி என் மனைவிக்கு வேலை பிரமாதமாக நடக்கிறது என்று கடிதம் எழுதுவேன். நெறியாளருக்கும் அதையே எழுதினேன். அவர் பதினொரு வாரம் பதில் போடவில்லை; என் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார் என்றே நம்பினேன். அவர் விடுமுறையில் போயிருந்தார்.

எட்டாவது வாரம் ஒரு நாள் மறுபடி அஞ்சடிக்குப் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெரியவர் ஒரு பழைய பேரேட்டைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்தார். கண்ணில் புரை. வெளிச்சத்தில் பிடித்து, "இது மாகாணியா, அரைக்காலா, பார்" என்றார். பழைய தமிழ் எண்களில் எழுதிய வட்டிக் கணக்கு. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, ஒரு சுழிப்பில் தொகை இரட்டிப்பாகிவிடும். அப்பா மண்தரையில் விரலால் எழுதிக் காட்டிய எழுத்து. அரைக்கால் என்றேன். மறுநாளிலிருந்து தினம் ஒரு மணி நேரம் நான் வாசிக்க, அவர் கேட்டார். அவ்வளவுதான். கதவு திறந்துவிட்டது என்று எழுதினால் பொய். அந்தக் கிட்டங்கியில் இருந்த மற்ற மூவர் நான் ஊர் திரும்பும்வரை பேசவில்லை. அவர் பேசியதும் வட்டியைப் பற்றி அல்ல. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, வந்த இடத்தில் மூன்று வருஷக் கணக்கு எப்படி முப்பது வருஷமானது, ஊருணியில் தண்ணீர் இருக்கிறதா, எந்த அடுத்தாள் (கடை உதவியாளன்) யாரைக் கவிழ்த்தான் என்பது பற்றி. என் தலைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. அதற்கும் முன்னால் முதல் வரைவில், இது ரகசியம் காக்கும் சமூகம் என்று ஓர் அத்தியாயமே எழுதியிருந்தேன். தேர்வாளர் ஒரே கேள்வி கேட்டார்: எத்தனை பேரிடம் கேட்டீர்கள்? நான்கு பேர் என்றேன். அந்த அறையில் நிலவிய மௌனம் இன்றும் காதில் இருக்கிறது.

இதில் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். களப்பணியின் முதல் பாதி வறண்டு போவது உறுதி. நான் வழிகாட்டிய மாணவர்களில் அப்படி ஆகாதவர்கள் மிகச் சிலர், அவர்களும் சொந்த ஊரில் வேலை செய்தவர்கள். களப்பணிக்கே முன்னோடி என்று பாடத்தில் படிக்கும் மலினோவ்ஸ்கி 1942இல் இறந்தார். 1967இல் அவருடைய அந்தரங்க நாட்குறிப்பு அச்சில் வந்தபோதுதான், டிரோப்ரியாண்ட் தீவுகளில் அவர் சலிப்பிலும் எரிச்சலிலும் கிடந்து நாவல் படித்துக் கழித்த நாட்கள் வெளியே தெரிந்தன. ஆய்வு மாணவர்களின் மனநிலையைப் பற்றிய ஆய்வுகளும் உண்டு. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் பட்ட மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. அதில் மூன்றில் ஒருவருக்கு மனநோய்க்கு, குறிப்பாக மனச்சோர்வுக்கு, ஆளாகும் அபாயம் இருந்தது. அது அந்த நாட்டுக் கணக்கு. அப்படியே உங்கள்மேல் ஒட்ட முடியாது. ஆனால் பஸ் நிலையத்து பெஞ்சில் நீங்கள் தனியாக இல்லை என்பதற்கு அது போதும்.

போலி என்ற உணர்வு எனக்கு இருக்கிறது என்று நீங்கள் எழுதியதில் மட்டும் நான் மாறுபடுகிறேன். பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978இல் இதைப் பற்றி எழுதியபோது, சாதித்துவிட்டும் அது அதிர்ஷ்டத்தால் வந்தது என்று நினைக்கும் பெண்களைப் பற்றித்தான் எழுதினார்கள். உங்கள் கையில் இப்போது சாதனை இல்லை. நான்கு நேர்காணல்தான் இருக்கிறது. அது குறைவு என்று உங்களுக்குத் தெரிகிறது. அது நோயல்ல, சரியான கணக்கு. கணக்கு சரி, அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் தவறு. கேள்வி பழுது என்று கொள்ள வேண்டிய இடத்தில் ஆள் பழுது என்று கொண்டுவிட்டீர்கள்.

கேள்வியை மாற்றலாம். ஐந்து மாதக் குறிப்பில் பாதி, பூட்டிய கதவுகளின் பட்டியல் என்று வெட்கத்தோடு எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் பிடித்தது. ஒரு கதவில் மூன்று பூட்டு தொங்கினால் சாவி மூன்று பேரிடம் இருக்கிறது. யாரிடம்? வெள்ளிக்கிழமை விளக்கேற்ற உள்ளே போகிறவர் யார்? மின் கட்டணம் யார் கட்டுகிறார்? வௌவால் எச்சத்தை யார் கூட்டுகிறார், அவருக்கு மாதம் என்ன கொடுக்கிறார்கள், யார் அனுப்புகிறார்கள்? பங்கு எத்தனை என்று கேட்டால் அடைபடுகிற வாய், இந்த வெள்ளிக்கிழமை யார் விளக்கேற்றினார்கள் என்று கேட்டால் திறக்கும். இதற்குப் பதில் சொல்லக்கூடியவர் ஆச்சி மட்டும் அல்ல. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம், வளவு கூட்டும் அம்மாள், கல்யாணத்துக்குச் சமைக்க வருகிறவர் எல்லோரும் சொல்வார்கள். ஐம்பது வீட்டுப் படியேறிய நீங்கள் இவர்களில் எத்தனை பேரிடம் பேசினீர்கள் என்று உங்கள் கேள்வியில் இல்லை. வீட்டை நிற்க வைக்கிறவர்கள் இவர்கள்தான் என்பது என் அபிப்பிராயம். கணக்குப்பிள்ளை மகன் வேறெப்படிச் சொல்வான் என்று நீங்கள் சிரித்தாலும் சரி.

காலமும் முக்கியம். நீங்கள் வந்தது வைகாசி, இப்போது ஐப்பசி. வீடுகள் பூட்டிக் கிடப்பதைப் பார்த்தீர்கள், திறப்பதைப் பார்க்கவில்லை. எங்கெங்கோ இருக்கும் பங்காளிகள் ஒரே கூரைக்குக் கீழ் வருவது கல்யாணத்துக்கு, அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்திக்கு, முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு. நாட்டரசன்கோட்டையில் தைப் பொங்கலுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை கண்ணாத்தாள் கோயில் முன் புள்ளிக்கு ஒரு பானை பொங்கும். யார் இன்னும் அந்த ஊர்ப் புள்ளி என்பதை அன்றைக்கு எண்ணிப் பார்த்துவிடலாம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடி நடந்து போகும். ஒரு நாளாவது கூட நடந்து பாருங்கள். குறிப்பேடு வேண்டாம். உங்கள் விசா மாசி வரை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தையை விட்டுவிட்டுக் கிளம்பினால் வருத்தப்படுவீர்கள். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்த ரோஜா முத்தையா சேர்த்துவைத்தது இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. நாலு நாள் அங்கே போய் உட்காருங்கள். யாருடைய தயவும் இல்லாமல் ஒரு நாள் வேலை முடிந்தது என்ற உணர்வு கிடைக்கும். இந்த நேரத்தில் அது மருந்து.

குறிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கத்து ராம்புராவில் எடுத்த குறிப்புகளைப் பதினெட்டு ஆண்டுகளாக ஒழுங்குபடுத்தி மூன்று பிரதி வைத்திருந்தார். மூன்றும் ஒரே அறையில். 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் அந்தக் கட்டடத்துக்கு யாரோ தீ வைத்ததில் மூன்றும் போயின. பிறகு நினைவிலிருந்து ஒரு புத்தகம் எழுதி 1976இல் வெளியிட்டார், அது அவருடைய சிறந்த புத்தகங்களில் ஒன்று என்பது வேறு விஷயம். நீங்கள் சீனிவாஸ் அல்ல, நானும் அல்ல. பிரதியை வேறு ஊரில் வையுங்கள். நெறியாளருக்கு நீண்ட மின்னஞ்சல் எழுதாதீர்கள், "நான்கு நேர்காணல்தான் கிடைத்திருக்கிறது, கேள்வியை இப்படி மாற்ற நினைக்கிறேன், சரியா?" என்று மூன்று வரி போதும். உண்மையைச் சொல்லும் மூன்று வரிக்குப் பதில் வரும். வராவிட்டால் உங்கள் குழுவில் உள்ள இன்னொருவருக்கு எழுதுங்கள்; அது துரோகம் அல்ல.

எனக்குச் சொல்லத் தகுதியில்லாதவையும் உண்டு. தனியாகத் தங்கியிருக்கும் பெண்ணுக்கு மாலை ஆறு மணிக்கு மேல் இந்த ஊர் எப்படி இருக்கும் என்று நான் அனுபவித்ததில்லை. இங்கே களப்பணி செய்த பெண்களிடம் கேளுங்கள், என் மாணவிகள் எனக்குச் சொல்லாததைக்கூட உங்களுக்குச் சொல்வார்கள். நான் மருத்துவனும் அல்ல. தூக்கம் வருவதில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை ஆய்வுச் சிக்கலாக நினைத்துத் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருப்பதே பாரம் என்று ஒரு நாள் தோன்றினாலும் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண், இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். இடையில் ஒரு மாதம் டொரன்டோ போய் அம்மாவிடம் சாப்பிட்டுவிட்டுத் தைக்கு வருவதும் களப்பணிதான். விசாவில் மறுநுழைவுக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் டிக்கெட் எடுக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை பஸ் நிலையத்துக்குப் போவீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். பெஞ்சில் உட்காருங்கள், பரவாயில்லை. பட்டியலில் மூன்று பூட்டுத் தொங்கும் வீடு ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்தத் தெருவில் பால் ஊற்றுகிறவரிடம் அங்கே யார் பால் வாங்குகிறார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.